தகிடவும் தகதிமியும்: கொழும்பில் டிஜே மிக்ஸிங் பழகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் டிஜே பாடம் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ பாட்டுகளை வைத்துச் செய்தவை. அந்தப் பாட்டுகள் மிக்ஸ் பண்ணுவதற்கென்றே கட்டப்பட்டவை. தொடக்கத்தில் 32 பீட் வெறும் ட்ரம் இருக்கும், முடிவிலும் அப்படியே, நடுவில் வேகம் துளியும் மாறாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கலியாண ரிசப்ஷனில் நிற்கிற டிஜேயின் கையில் இருப்பவை வேறு சாதி. குத்துப்பாட்டு, பைலா, 80களின் சினிமாப் பாட்டு, ஹிந்தி, ரெகேட்டோன், ஆங்கில பொப் எல்லாம் ஒரே இரவில் வரும். அவற்றில் ஒரு பகுதி திஸ்ர நடை (ஒரு பீட்டுக்குள் மூன்று அடி, தகிட), மறு பகுதி சதுஸ்ர நடை (ஒரு பீட்டுக்குள் நான்கு அடி, தகதிமி). பலவற்றில் மிக்ஸ் பண்ணுவதற்கான தொடக்கமே இருக்காது.

வெளிநாட்டுப் பாடங்களை ஒழுங்காகப் பின்பற்றிய பிள்ளைகள் முதல் நிகழ்ச்சியில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். திறமைக் குறைவு அல்ல. சிறு வயதில் மிருதங்கமோ பரதமோ கொஞ்சம் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை எப்படிப் பாவிப்பது என்பதையும் கீழே சொல்கிறோம்.

எதை வாங்குவது

முதல் மாதம் எதையும் வாங்க வேண்டாம். மிக்ஸ் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆங்கிலத்தில் அதன் பெயரைக் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லப்டொப், வயர் உள்ள ஹெட்போன் இரண்டும் இருந்தால் பாட்டு எண்ணவும், கிரிட் (பீட் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) சரிசெய்யவும், கியூ (பாட்டில் வேண்டிய இடத்துக்கு வைக்கும் அடையாளம்) போடவும் பழகலாம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆர்வம் ஒரு மாதம் தாண்டியும் நின்றால் இரண்டு சனல் கொன்ட்ரோலர் ஒன்று போதும், அதாவது லப்டொப்போடு இணைத்து இரண்டு பாட்டைக் கையால் கையாளும் கருவி. பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 போன்றவை தொடங்குபவருக்கு வேண்டியதையெல்லாம் தருகின்றன. நான்கு சனல் வாங்கினால் இரண்டு சனல் தூசி பிடிக்கும். பழையது வாங்குவதென்றால் நேரில் போய் ஹெட்போனை மாட்டி இவற்றைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழ்) மிக மெதுவாக மேலே கீழே நகர்த்துங்கள், கரகரப்பு வரக்கூடாது. யூஎஸ்பி வயரின் முனையை இலேசாக ஆட்டுங்கள், தொடர்பு அறக்கூடாது. பின்னால் சத்தம் வெளியே போகும் ஆர்சிஏ துளைகள் தளர்ந்திருக்கக்கூடாது. காலி வீதியின் கடற்பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று ஃபேடரை விரைவில் கெடுக்கும். பழகி முடிந்ததும் மூடி வையுங்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள் இரண்டு போடுங்கள். கரகரப்பு வந்தால் மின் தொடர்புகளுக்கென்று விற்கும் கொன்டக்ட் கிளீனர் பாவிக்க வேண்டும். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம், அது தூசியை இழுத்து இன்னும் மோசமாக்கும்.

ஹெட்போன் காதை முழுதாக மூடும் வகையாக, வயருடன் இருக்க வேண்டும். புளூடூத்தில் சத்தம் 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி வருவது சாதாரணம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட்டின் நீளமே 500 மில்லிசெக்கன்தான். ஐந்தில் ஒரு பீட் பிந்திக் கேட்டுக்கொண்டு ஒருவராலும் சேர்க்க முடியாது.

ஆர்சிஏ வயர், மாற்று முனைகள் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். லப்டொப் தொடர்பானவற்றுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. யூஎஸ்பி ஹப் மட்டும் மலிவானதாக வாங்காதீர்கள். மின்சாரம் போதாமல் பாட்டின் நடுவில் கொன்ட்ரோலர் துண்டிக்கப்படுவதற்கு அடிக்கடி அதுதான் காரணம். முடிந்தால் லப்டொப்பிலேயே நேராகக் குத்துங்கள்.

நாற்பது பாட்டு போதும்

நாலாயிரம் பாட்டு வைத்திருப்பவரைவிட நாற்பது பாட்டைத் தலைகீழாகத் தெரிந்தவர் நன்றாக மிக்ஸ் பண்ணுவார். முதல் பத்தைத் தொடக்கமும் முடிவும் வெறும் ட்ரமாக உள்ள 122 முதல் 126 பிபிஎம் வரையான ஹவுஸ் பாட்டுகளாக எடுங்கள். கை பழகுவதற்கு அவை நல்லவை. அடுத்த முப்பதில் குத்து, பைலா, மெலடி, ஹிந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து இருக்கட்டும்.

பாட்டை விலை கொடுத்து, 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆகவோ அதற்கு மேலான தரத்திலோ எடுங்கள். வீடியோவிலிருந்து பிடுங்கிய பாட்டு ஹெட்போனில் பரவாயில்லை போலிருக்கும். மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரில் அதன் மேல்சத்தம் தகரம் தட்டுவது போலாகிவிடும், பேஸ் குழம்பும். ஒரே பாட்டு ஐந்து இடத்திலிருந்து ஐந்து அளவுச் சத்தத்தோடு வருவதும் இப்படி எடுப்பதால்தான்.

எண்ணுதல்

சதுஸ்ரப் பாட்டில் நான்கு பீட் ஒரு பார். எட்டு பார் சேர்ந்தால் 32 பீட், அதை ஒரு ஃப்ரேஸ் என்போம். பாட்டில் புதிதாக ஏதாவது நுழைவதும் விலகுவதும் பெரும்பாலும் ஃப்ரேஸின் முதல் பீட்டில்தான் நடக்கும். 128 பிபிஎம்மில் ஒரு ஃப்ரேஸ் சரியாக 15 செக்கன். பஸ்ஸில் போகும்போது பாட்டைக் கேட்டு, "ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு, மூன்று இரண்டு மூன்று நான்கு" என்று ஒவ்வொரு பாரின் முதல் எண்ணையும் மாற்றி எண்ணுங்கள். எட்டு வந்ததும் பாட்டில் ஒரு மாற்றம் வரும். அது வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சொல்லத் தொடங்கும்வரை இதை விடாதீர்கள்.

தமிழ்ப் பாட்டில் இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, எடுப்பு, அதாவது பாடல் தொடங்கும் இடம். நம் பாட்டுகள் பலவற்றில் பல்லவி சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்காது. தாளம் விழுந்து அரை பீட் கழித்துக் குரல் வரும், சில வேளை சமத்துக்கு முன்பே வந்துவிடும். சங்கீதம் படித்தவர்கள் இதை அனாகதம், அதீதம் என்பார்கள். புதியவர் குரலின் முதல் எழுத்தையே முதல் பீட் என்று குறித்துவிடுவார், அதன் பிறகு அந்தப் பாட்டில் செய்யும் ஒவ்வொரு மிக்ஸும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். முதல் பீட்டைக் குரலில் தேடாதீர்கள். கிக் (பேஸ் ட்ரம்மின் அடி), தவில், உருமி, அடி விழும் வாத்தியம் எதுவோ அதில் தேடுங்கள்.

இரண்டாவது, ஃப்ரேஸ் எப்போதும் எட்டு பாராக இருக்காது. பல்லவி முடிவில் பாடகர் ஒரு சொல்லை இழுத்தால் இசையமைப்பாளர் ஒரு பார் கூட்டியிருப்பார். அப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் கியூவுக்கு "9 பார்" என்று பெயர் போட்டு வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு நினைவிருக்காது.

கிரிட்: மென்பொருளை நம்பும் முன்

மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் ஆராய்ந்து பீட் விழும் இடங்களில் கோடு போடும். அதுதான் கிரிட். இரண்டு பாட்டின் பீட்டையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டன், ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப், எதிரொலி தரும் எக்கோ எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான் வேலை செய்கின்றன. கோடு பிழைத்தால் எல்லாமே பிழைக்கும்.

சரிபார்க்கும் முறை: பாட்டின் அலைவடிவத்தை முடிந்தளவு பெரிதாக்குங்கள். முதல் கிக்கின் செங்குத்தான விளிம்பு தெரியும். முதல் பீட்டின் கோடு அந்த விளிம்பில் ஒட்டி நிற்க வேண்டும், விளிம்பைத் தாண்டி உள்ளேயோ அதற்கு முன்னாலோ அல்ல. பிறகு பாட்டின் மூன்றாவது நிமிடத்துக்குத் தாவி, அங்கேயும் கோடு விளிம்பில் நிற்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் சரி, மூன்றாவது நிமிடத்தில் விலகல் என்றால் பிபிஎம்மில் தசம அளவில் பிழை. இங்கும் சரி, அங்கும் சரி, நடுவில் மட்டும் அலைகிறது என்றால் அது கையால் வாசித்த பாட்டு. 80களின் பாட்டுகள் பலவற்றில் கலைஞர்கள் கூடியிருந்து வாசித்ததால் வேகம் இயல்பாகவே சற்று ஏறி இறங்கும். பயனியரின் ரெகோர்ட்பொக்ஸ் மென்பொருளில் இதற்கு டைனமிக் என்ற ஆய்வு முறை இருக்கிறது. அந்தப் பாட்டுகளை மட்டும் அதில் போட்டு மீண்டும் ஆராயுங்கள். எல்லாப் பாட்டுக்கும் அதைப் பாவித்தால் நேரான பாட்டின் கிரிட்டும் தேவையில்லாமல் வளைந்துவிடும்.

திஸ்ரப் பாட்டில் வரும் பிழை இதைவிடப் பெரியது. தகிட தகிட என்பதில் ஆறு சின்ன அடி, இரண்டு பீட். மென்பொருள் அதே ஆறையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று பீட் என்று எண்ணிவிடும். அதனால் உண்மையில் 100 பிபிஎம்மில் போகும் பைலாவுக்கு 150 என்று காட்டும், சில நேரம் அதிலும் பாதியாக 75 என்று காட்டும். காலால் தட்டிப் பார்த்து 15 செக்கனில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். திரையில் உள்ள எண் அதன் ஒன்றரை மடங்கு என்றால் 2/3 ஆலும், முக்கால் பங்கு என்றால் 4/3 ஆலும் பெருக்க வேண்டும். மிக்ஸ் மென்பொருளில் பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் இந்த இரண்டு தெரிவுகளும் பிபிஎம் பகுதியில் நேராகவே கிடைக்கின்றன. இரட்டிப்பும் பாதியும் மட்டும் தரும் மென்பொருளில் சரியான எண்ணை நீங்களே எழுதி, முதல் பீட்டை மறுபடியும் குறிக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் விட்டால் நடப்பது இது. 150 என்று பிழையாகக் குறித்த பைலாவில் நான்கு பீட் லூப் போடுகிறீர்கள். மென்பொருள் 1.6 செக்கனில் வெட்டும். உண்மையான பீட் 0.6 செக்கன், ஆக லூப்புக்குள் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவான பீட்தான் அடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் காரணம் தெரியாமலே நின்றுவிடுவார்கள்.

காதால் சேர்த்தல்

சிங்க் பட்டனைப் பாவிப்பது குற்றமல்ல. கிரிட்டைக் கையால் சரிபார்த்த பாட்டில் தாராளமாகப் பாவியுங்கள். ஆனால் காதால் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அலைகிற பழைய பாட்டிலும், அந்த நிமிடம் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டுகிற பாட்டிலும் சிங்க் கைவிடும்.

முதல் பயிற்சிக்கு ஒரே பாட்டை இரண்டு டெக்கிலும் (கொன்ட்ரோலரின் இடது, வலது பக்கங்கள்) போடுங்கள். திரையில் பிபிஎம் தெரியும் இடத்தை ஒரு துண்டுக் கடதாசியால் மறையுங்கள். யாரையாவது வலது டெக்கின் வேகம் மாற்றும் டெம்போ ஸ்லைடரை எங்கோ தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இடது டெக் ஸ்பீக்கரில் ஓடட்டும், வலது டெக் உங்கள் ஹெட்போனின் ஒரு காதில் மட்டும்.

வலது பாட்டை முதல் கிக்கில் நிறுத்தி, இடது பாட்டின் ஃப்ரேஸ் தொடங்கும் அதே கணத்தில் விடுங்கள். சில செக்கனில் இரண்டு கிக்கும் பிரிந்து குதிரை ஓடுவது போல் டக்-டக், டக்-டக் என்று கேட்கும். எது முந்துகிறது என்று முதலில் யாருக்கும் தெரியாது, அது பரவாயில்லை. டெக்கின் நடுவில் உள்ள ஜொக் சக்கரத்தின் பக்க விளிம்பை இலேசாக முன்னோக்கித் தள்ளுங்கள். இடைவெளி கூடினால் உங்கள் பாட்டுத்தான் முந்துகிறது, பின்னோக்கித் தடவுங்கள். குறைந்தால் அதே திசையில் இன்னும் கொஞ்சம். சக்கரத்தின் மேற்பரப்பைத் தொட வேண்டாம், தொட்டால் பாட்டு நின்று ஸ்கிராச் விழும்.

ஒரு தள்ளலில் சேர்ந்து, எட்டு பீட்டுக்குள் மறுபடி பிரிகிறதா? அப்படியானால் வேகம் வேறு. மறுபடி மறுபடி சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருக்காமல் ஸ்லைடரை நகர்த்துங்கள். சக்கரத்தை முன்னோக்கித் தள்ளித் தள்ளிச் சரிசெய்தீர்கள் என்றால் ஸ்லைடரை வேகம் கூடும் + பக்கம் நகர்த்துங்கள், பின்னோக்கி என்றால் வேகம் குறையும் - பக்கம். 120 பிபிஎம்மில் அரை பிபிஎம் வித்தியாசம் இருந்தாலே ஒரு ஃப்ரேஸ் முடிவதற்குள், அதாவது 16 செக்கனில், சுமார் 67 மில்லிசெக்கன் விலகிவிடும். அது காதுக்குத் தெளிவாக இரண்டு அடியாகக் கேட்கும். ஆகவே 32 பீட் தாங்கினால் நல்லது, 64 பீட் தாங்கினால் மிக்ஸ் பண்ணத் தயார்.

இரண்டு வாரம் இது வெறும் குழப்பமாகவே இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஒரு நாள் திடீரென்று முந்துவதும் பிந்துவதும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். அது வந்த பிறகு போகாது. அதற்கு முன் கைவிடுபவர்கள்தான் அதிகம், நீங்கள் விடாதீர்கள்.

பேஸை மாற்றும் இடம்

இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றாக ஓடினால் மண்டபம் முழுக்க ஒரே உறுமலாகும், மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும், லிமிட்டர் சத்தத்தை அமுக்கி அமுக்கி விடும். அதைத் தவிர்க்கத்தான் ஈக்யூ, அதாவது பேஸ் (லோ), நடுச்சத்தம் (மிட்), மேல்சத்தம் (ஹை) மூன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்.

வரப்போகும் பாட்டின் லோ குமிழை முழுதாக இடப்பக்கம் திருப்பி வையுங்கள். ஃப்ரேஸின் முதல் பீட்டில் பாட்டை விடுங்கள். 16 பீட் எடுத்து ஃபேடரை மேலே கொண்டுவாருங்கள். இப்போது புதிய பாட்டின் மேல்சத்தமும் பழைய பாட்டின் பேஸும் சேர்ந்து கேட்கும். அடுத்த ஃப்ரேஸின் முதல் பீட்டில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பழையதன் லோவைக் கீழே, புதியதன் லோவை 12 மணி நிலைக்கு. ஒரு பீட்டுக்குள் முடிய வேண்டும். கூட்டம் ஆடும் விதம் அந்த இடத்தில்தான் மாறும். பிறகு பழையதன் மிட் குமிழை 9 மணி நிலைக்குக் குறைத்து, ஃபேடரை 16 பீட்டில் இறக்குங்கள். கடைசி வேலையைத்தான் எல்லாரும் மறப்பார்கள்: இறங்கிய சனலின் குமிழ்கள் எல்லாவற்றையும் 12 மணிக்குத் திருப்பி வைக்க வேண்டும். மறந்தால் அடுத்த பாட்டு பேஸே இல்லாமல் மெலிந்து வரும்.

சனலுக்குள் வரும் சத்தத்தின் அளவை வைக்கும் ட்ரிம் குமிழைப் பாட்டின் மிகச் சத்தமான இடத்தில் வைத்துச் சரிசெய்யுங்கள், அமைதியான தொடக்கத்தில் அல்ல. பச்சை எரியட்டும், மஞ்சள் எட்டிப் பார்க்கட்டும். சிவப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் பக்கம் உடைந்த சத்தத்தை சவுண்ட்காரர் பிறகு திருத்த முடியாது.

சினிமாப் பாட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும்

சினிமாப் பாட்டு என்றால் முகப்பிசை, பல்லவி, இடையிசை, சரணம், பல்லவி, மறுபடி இடையிசை, சரணம், பல்லவி என்று போகும். நான்கரை நிமிடம் முழுவதையும் போட்டால் இரண்டாவது சரணத்தில் பாதிப் பேர் கதிரைக்குப் போய்விடுவார்கள். முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்பி வந்ததும் வெளியேறுங்கள். மக்கள் கூடவே பாடி முடித்திருப்பார்கள், ஏமாற்றம் இருக்காது.

ஒவ்வொரு பாட்டிலும் நான்கு ஹொட் கியூ (பட்டனை அழுத்தியதும் அந்த இடத்துக்குத் தாவும் கியூ) எப்போதும் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும். முதலாவது தாளம் முதலில் விழும் இடம், இரண்டாவது பல்லவிக்கு ஒரு பார் முன், மூன்றாவது குரலில்லாத இடையிசையின் தொடக்கம், நான்காவது வெளியேறும் இடம். மிக்ஸ் பண்ணுவதற்கான தொடக்கம் இல்லாத பாட்டில் மூன்றாவது கியூதான் உங்கள் வாசல். இடையிசையில் தாளம் மட்டும் போகும் நான்கு பீட்டை லூப் பண்ணி அதை வைத்து உள்ளே கொண்டுவாருங்கள், பிறகு இரண்டாவது கியூவை அழுத்திப் பல்லவிக்குப் போங்கள்.

இரண்டு குரல் ஒருபோதும் மேலே மேலே விழக்கூடாது. ஸ்ருதி சேராத மிக்ஸைக்கூட கூட்டம் மன்னித்துவிடும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடுவதை மன்னிக்காது.

ஸ்ருதி பற்றிச் சுருக்கமாக: மென்பொருள் 8ஏ, 8பி என்று காட்டும் குறியீட்டில் அதே எண், அல்லது பக்கத்து எண்ணில் அதே எழுத்து, அல்லது அதே எண்ணில் மற்ற எழுத்து பொருந்தும். ராகத்தை ஒட்டிய பாட்டுகளில் அது அடிக்கடி தவறும், காதை நம்புங்கள். கீ லொக் (வேகம் மாறினாலும் ஸ்ருதி மாறாமல் பிடிக்கும் பட்டன்) போடாமல் வேகத்தை 6 சதவீதம் மாற்றினால் ஸ்ருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் நகரும். கீ லொக் போட்டு அதிகம் மாற்றினால் நாதஸ்வரமும் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலாகும். 5 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது.

தகிடவிலிருந்து தகதிமிக்கு

இதுதான் கொழும்புத் தமிழ் டிஜேயின் உண்மையான பரீட்சை. பைலாவும் குத்தும் பெரும்பாலும் திஸ்ரம், ஒரு பீட்டுக்குள் மூன்று. ஹவுஸ், ரெகேட்டோன், பொப் எல்லாம் சதுஸ்ரம், ஒரு பீட்டுக்குள் இரண்டு அல்லது நான்கு. பீட் சரியாகச் சேர்ந்திருந்தாலும் உள்ளே மூன்றும் நான்கும் மோதும். "பிபிஎம் ஒன்றுதானே, ஏன் அலங்கோலமாக இருக்கிறது" என்று புதியவர் குழம்புவது இதனால்தான்.

முதலில் உடம்பில் பழகுங்கள். காலால் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் "தகிட" என்று எட்டு முறை சொல்லுங்கள். தட்டை மாற்றாமல் "தகதிமி" என்று எட்டு முறை. மறுபடி தகிட. மாறும் இடத்தில் கால் அவசரப்படும் அல்லது தயங்கும். கால் அசையாமல் நிற்கும்வரை செய்யுங்கள். மிருதங்க வகுப்பில் நடை மாற்றம் என்று சொல்லித் தருவது இதையேதான். கால் தட்டுத்தான் உங்கள் பிபிஎம், வாய் சொல்வதுதான் ஹை-ஹட்டும் ஷேக்கரும்.

இனி டெக்கில். 108 பிபிஎம் பைலாவிலிருந்து 104 பிபிஎம் ரெகேட்டோனுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் கிரிட் சரிபார்த்தாயிற்று. பைலாவை 108இலிருந்து 106க்கு ஒரு ஃப்ரேஸ் எடுத்து மெல்ல இறக்குங்கள். மற்றதை 106இல் வையுங்கள், அது 2 சதவீதத்துக்கும் குறைந்த மாற்றம். பைலாவில் பாடல் நின்று தாளம் மட்டும் போகும் இடத்தில் நான்கு பீட் லூப். அதன் ஹை குமிழை முழுதாகக் குறையுங்கள், மிட்டை 9 மணிக்கு. மூன்று மூன்றாக விழும் சின்ன அடிகள் வாழ்வது அந்த மேல்சத்தத்தில்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிக் மட்டும், கிக் இரண்டு பாட்டுக்கும் பொது. இப்போது ரெகேட்டோனை முதல் பீட்டில் விடுங்கள். நான்கு பீட், மிஞ்சினால் எட்டு பீட் சேர்ந்து ஓடட்டும், பிறகு பைலா வெளியே. ஹவுஸில் பழகிய 32 பீட் நீள மிக்ஸ் இங்கே வேலைக்காகாது.

அதற்கும் அஞ்சினால் எக்கோ போட்டு வெட்டுங்கள். பல்லவியின் கடைசிச் சொல்லில் எக்கோவைப் போட்டு, ஃபேடரை இறக்கி, அடுத்த முதல் பீட்டில் புதிய பாட்டை விடுவது சுத்தமாக இருக்கும். எக்கோவின் அளவு ஒரு பீட்டாக இருக்க வேண்டும். பல கருவிகளில் தொடக்கத்தில் அரை அல்லது முக்கால் பீட் நிற்கும், அது திஸ்ரத்துக்குள் இரண்டைத் திணித்து வாலைக் குழப்பிவிடும்.

மறுதிசையில், சதுஸ்ரத்திலிருந்து பைலாவுக்குப் போவது இலகு. கூட்டம் அதைத்தான் காத்திருக்கும். இரண்டு பீட் மௌனம் விட்டு பைலாவின் முதல் அடியைப் போட்டாலே போதும். வேக வித்தியாசம் பெரிதாக இருந்தாலும் மௌனம் அதை மறைத்துவிடும்.

ஒரு நாளைக்கு 45 நிமிடம்

பத்து நிமிடம் எண்ணுதலும் தகிட-தகதிமியும், இருபது நிமிடம் காதால் சேர்த்தல், கடைசி பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் ஒரு சின்ன செட்டைப் பதிவு செய்யுங்கள். பிழை விட்டாலும் நிறுத்தக்கூடாது, மேடையில் நிறுத்த முடியாது. அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். பிழை விழுந்த நிமிடத்தை எழுதி, எது காரணம் என்று ஒரு சொல்லில் போடுங்கள்: கிரிட், எண்ணிக்கை, பேஸ், குரல். இரண்டு வாரத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த வாரப் பயிற்சி அதற்குத்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஹெட்போனிலேயே பழகலாம். கியூ மிக்ஸ் குமிழை நடுவில் வைத்தால் இரண்டு பாட்டும் காதில் கேட்கும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பாகத் தாங்கும் என்பது தொழில்சார் சுகாதாரத்தில் பாவிக்கும் கணக்கு. காதுதான் உங்கள் கருவி.

முதல் நிகழ்ச்சிக்கு முன்

மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்தாயிற்றா, இசை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று வீட்டாரிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். கடைசி அரை மணிக்கு வைத்திருந்த பாட்டுகளை நேரம் தெரியாமல் இழந்தவர்கள் பலர்.

எஃப்எல்எக்ஸ்4 போன்ற சின்னக் கொன்ட்ரோலரில் மாஸ்டர் வெளியீடு ஆர்சிஏ மட்டும். சவுண்ட்காரரின் மிக்ஸருக்கு அதிலிருந்து இரண்டு 6.35 மில்லிமீற்றர் மோனோ முனைக்குப் போகும் வயர் வேண்டும். அதில் இரண்டு கொண்டுபோங்கள். சுவரில் சதுர முனையும் இருக்கும், பழைய மண்டபங்களில் வட்ட முனையும் இருக்கும், இரண்டுக்கும் அடப்டர் வையுங்கள். ஸ்பீக்கரில் ஊ என்று இரைந்தால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் காரணம் தரைத் தொடர்பு, அந்த இரைச்சலை அறுக்கும் டிஐ பெட்டியைச் சவுண்ட்காரரிடம் கேளுங்கள்.

லப்டொப்பில் வைஃபை, தானாக வரும் அப்டேட், ஸ்லீப் மூன்றையும் நிறுத்துங்கள். விண்டோஸில் பஃபரை (மென்பொருள் சத்தத்தை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவு) 256இல் வைத்தால் பிந்தல் 6 மில்லிசெக்கனுக்குள். படபடவென்று வெடித்தால் 512க்கு ஏற்றுங்கள். பாட்டுகளை ஃபட்32 முறையில் ஃபோமட் செய்த இரண்டு பென்டிரைவிலும் வைத்திருங்கள்.

கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கர் மட்டும் செத்துவிடும். பதற்றப்படாமல் மாஸ்டரைப் பூச்சியத்துக்கு இறக்கி, பாட்டைப் பல்லவிக் கியூவில் நிறுத்துங்கள். ஜெனரேட்டர் வந்து ஸ்பீக்கர் உயிர்த்ததும் பல்லவியிலிருந்து விட்டு, மாஸ்டரை மெல்ல ஏற்றுங்கள். அந்த இடத்தில் வரும் கைதட்டல் இரவு முழுவதுக்கும் உதவும்.

சாப்பாட்டு நேரத்தில் சத்தத்தைப் பக்கத்து மேசையோடு கதைக்கக்கூடிய அளவுக்கு இறக்குங்கள். எட்டரை மணிக்கே ஒரு பெரியவர் வந்து, "தம்பி, ஒரு பைலா போடுங்கோவன்" என்பார். மறுக்காதீர்கள், உடனே பாய்ந்தும் போடாதீர்கள். "ரெண்டு பாட்டுக்குப் பிறகு போடுறன் அங்கிள், ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். கிரிட் சரிபார்த்த பைலாவை ஏற்றவும், வேகத்தைக் கொண்டுவரவும் அந்த இரண்டு பாட்டு போதும். அவர் நிச்சயம் ஆட்களோடு வருவார்.

முடிந்ததும் முதலில் மாஸ்டரைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். பிறகு சவுண்ட்காரர் ஸ்பீக்கரையும் அம்ப்ளிஃபயரையும் நிறுத்தும்வரை காத்திருங்கள். அதற்கு முன் கொன்ட்ரோலரைக் கழற்றினால் டம் என்று ஒரு வெடி போய் ஸ்பீக்கரைக் கெடுக்கும். அன்றைய பதிவைச் சேமித்து, லப்டொப்பை மூடி, கடைசியாக வயரைச் சுற்றுங்கள்.